பால் பொங்காத வீடு

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
புரட்டாதி மாதம், வெள்ளிக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சம்பந்தியார் திரு. அருளம்பலம் அவர்களுக்கு,

பேரின்பநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தியம்மாவும் ஸ்காபரோவில் தேகசுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அவ்வாறே என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் காலமெல்லாம் தபாலதிபராக இருந்த ஒருவருக்குப் பொய்யோடு தொடங்கும் கடிதத்தை அனுப்ப எனக்குக் கை கூசுகிறது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மனைவி யோகராணி என்னோடு கதைப்பதில்லை, சோறு மட்டும் மேசைக்கு வருகிறது. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கல்யாணப் பேச்சின்போது, முக்கியமான விஷயமென்றால் எழுத்தில் அனுப்புங்கோ, போனில் கதைக்கிறதை நான் கணக்கிலெடுக்கிறதில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆகவே எழுத்தில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் அனோஜினிக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, கார்த்திகையில் பிள்ளை பிறக்க இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கமல்ல. அவளை அந்தச் சஸ்கச்சுவான் சமவெளியிலிருந்து கிளப்பி, பனி விழுமுன் மொன்றியலுக்குக் கொண்டுவர வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கீர்த்திகன் கேட்பான், அவன் கேட்டால் அவளும் கேட்கக்கூடும். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் மகனைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கீர்த்திகன் தங்கமான பிள்ளை. கம்ப்யூட்டர் வேலையில் சொகுசாக இருந்த பிள்ளை, என் மகளின் பின்னால் உழவு இயந்திரம் ஓட்டப் போயிருக்கிறான் என்றால், பிழை எங்கே என்று எனக்கும் விளங்குகிறது. அவள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கப் போகிறேன் என்றபோது, வெள்ளைச் சட்டை போட்டு ஆய்வுகூடத்தில் விதையை எண்ணுகிற வேலை என்றல்லவா நான் நினைத்தேன். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் என் முதுகு போன கதை உங்களுக்குத் தெரியும். ரயிலில் வரும் மைசூர்ப் பருப்பை மூட்டை மூட்டையாகக் கொள்கலனில் ஏற்றினேன். அந்த மூட்டை என் பிள்ளையின் தோளில் ஏறக்கூடாதென்று ஏற்றினேன். அவளோ மூட்டை எங்கிருந்து வருகிறதென்று தேடிப் போய், அதே பருப்பை விதைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, கோயில் இல்லை, தமிழன் இல்லை. பக்கத்து வீடு என்று சொல்கிறார்களே, அதற்குப் போக வாகனத்துக்கு எண்ணெய் அடிக்க வேண்டும். நான் அந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று சித்திரையிலேயே சொல்லிவிட்டேன். யோகராணிக்கு அன்று தொடங்கிய மௌனம் இடையில் கொஞ்சம் இளகி, இப்போது மறுபடியும் இறுகியிருக்கிறது.

ஆவணியில் புது வீடு கட்டி முடிந்தது. பால் காய்ச்சிக் குடிபூரல் செய்ய வேண்டும். போகமாட்டேன் என்றேனே தவிர, செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்ஸ்அப் வீடியோவில் முன்னின்று நடத்தித் தருகிறேன் என்றேன். அனோஜினி, குசினியில் மின்சார அடுப்பில் பால் காய்ச்சுகிறேன் என்றாள். நாங்கள் இந்த ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வந்தபோது அப்படித்தான் காய்ச்சினோம். பால் பொங்குமுன் புகைமணி அடித்து, மேல் வீட்டு மனிதர் இடுப்பில் துவாயோடு ஓடிவந்து, யோகராணி பதறிப்போய் அடுப்பை அணைத்து, அந்தப் பால் இன்றுவரை பொங்கவில்லை. அந்தக் குறை எனக்கு மனதில் கிடந்தது. இவ்வளவு காணி இருக்கிறவர்கள் ஏன் அடுப்பில் காய்ச்ச வேண்டும், வாசலில் மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, முறையாகச் செய்யலாமே என்றேன். காற்று என்றாள். விடியற்காலையில் காற்றில்லை என்று நானே வானிலை பார்த்துச் சொன்னேன். ஐயர் குறித்த நேரமும் அவர்களுக்கு விடியற்காலைதான். எல்லாம் பொருந்தி வந்தது.

முதல்நாள் இரவு படுத்திருக்கும்போதுதான் எனக்கு உதித்தது. ஐயர் குறித்தது மொன்றியல் சூரியனுக்கு. பால் பொங்குவதோ சஸ்கச்சுவானில். அங்கே சூரியன் எங்களுக்குப் பிந்தியல்லவா எழும்புகிறது. ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் நித்திரைக் குரலில், ஓம், பால் பொங்குற இடத்துச் சூரியன்தான் கணக்கு என்றார். ஆகவே இரண்டு மணித்தியாலம் பின்னால் தள்ளினோம். நீங்கள் கல்யாணத்தில் சுபநேரம் தப்பக்கூடாதென்று புகைப்படக்காரரை மணவறையிலிருந்து தள்ளிவிட்டவர், நான் செய்தது சரியென்று நீங்களாவது ஒப்புக்கொள்வீர்கள்.

விடிய அனோஜினி வீடியோவில் வந்தாள். ஆறு மாத வயிற்றோடு சேலை கட்டி நின்றாள். புல் நனைந்திருந்தது, ஒரு நுனி அசையவில்லை. "அப்பா, இப்பவே மூட்டுவம். வெயில் ஏறினா இஞ்சை காத்து எழும்பும்" என்றாள். நான் பொறு என்றேன். அவள் திரும்பக் கேட்டாள், நான் திரும்பவும் பொறு என்றேன். யோகராணி என் கையைக் கிள்ளினாள். சுபநேரம் வந்தபோது புல் காய்ந்து, அவளின் சேலைத் தலைப்பு கொடி மாதிரி அடித்தது. மூட்டு என்றேன்.

சம்பந்தியார், அதன்பிறகு நடந்தது இதுதான். விறகு பிடித்தது, பால் சூடேறியது, நான் தேவாரம் பாடிக்கொண்டிருந்தேன், ஒரு பொறி பறந்து, பருப்பு அறுத்துவிட்ட வயலின் அடித்தாளுக்குள் விழுந்தது. கீர்த்திகன் மிதித்தான். மிதித்த இடத்துக்கு அப்பால் புகைந்தது. அங்கே ஓடினான், அதற்கும் அப்பால் எழும்பியது. தாள் முழுக்கக் காய்ந்து கிடக்க, காற்று வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்குப் பின்னால் அவர்களின் முதல் விளைச்சல் முழுவதும் களஞ்சியத்தில் இருந்தது. அனோஜினி போனைப் புல்லில் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயை இழுக்க ஓடினாள். எங்களுக்கு வானம் மட்டும் தெரிந்தது. நீல வானம் மஞ்சளாகி, பிறகு கறுப்பாகியது. அவள் கீர்த்திகனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. திரை அணைந்துவிட்டது.

நான் திரும்பப் போன் எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். கீர்த்திகனின் போனிலும் பதில் இல்லை. தீயணைப்புக்குச் சொல்ல மொன்றியலில் அவசர இலக்கத்தை அடித்தால், பொன்ஜூர் என்று தொடங்கி என் முகவரியைக் கேட்டார்கள். தீ எங்கே என்றார்கள். சஸ்கச்சுவானில் என்றேன். நீங்கள் எங்கே என்றார்கள். யோகராணி சாமித் தட்டுக்கு முன்னால் இருந்தாள், அழவில்லை, வாய் மட்டும் அசைந்தது. எனக்குப் பயம் வந்தது, சம்பந்தியார். இந்த வயதில் என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்ற பயம். அதை உங்களுக்குத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைசியில் கீர்த்திகன் எடுத்தான். எல்லோரும் சுகம், வீடும் பருப்பும் தப்பியது, தாளும் ஒரு கொட்டிலும் எரிந்தது என்றான். பக்கத்துக் காணிக்காரர் புகையைக் கண்டு உழவு இயந்திரத்தோடு வந்து, வீட்டைச் சுற்றி மண்ணைப் புரட்டி, தீ தாண்டாமல் மறித்திருக்கிறார். அந்த மனிதரின் பூட்டன் அந்தக் காணிக்கு முதல் முதல் வந்து, புல்லுமண்ணை வெட்டி அடுக்கிய குடிசையில் இருந்தவராம். அந்தக் குடும்பமும் முதல் வருடம் இப்படி எரித்ததாம், அங்கே முதல் வருடம் எல்லோரும் ஒரு தரம் எரிப்பார்களாம். கீர்த்திகன் இதை ஆறுதலாகச் சொன்னான். எனக்கு அதில் ஆறுதல் தெரியவில்லை.

பிறகு அனோஜினி போனை வாங்கினாள். புகையால் இருமிக்கொண்டே கதைத்தாள். நான் அந்த நேரம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிள்ளை, நீ சுகமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, பால் பொங்கினதா என்று. பானையையே காணேல்லை அப்பா, எங்கை உருண்டதோ தெரியாது என்றாள் அவள். அப்படியென்றால் வெளிக்கிட்டு வா என்றேன்.

"நான் வரேல்லை அப்பா. இது என்ரை வீடு."

"பால் பொங்காத வீடு என்ன வீடு?"

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. தாயோடு கதைக்கிறாள், நான் வந்து நின்றால் யோகராணி போனோடு அடுத்த அறைக்குப் போகிறாள். போனமுறை போகும்போது நின்று, "பிள்ளை உங்களட்டை ஒண்டும் கேக்கேல்லை. பொறுக்கச் சொன்னியள், பொறுத்தவள்" என்றாள்.

ஆனாலும் சம்பந்தியார், கோபத்தில் சொன்னாலும் நான் சொன்னது பிழையா? பால் பொங்காத வீட்டில் உங்கள் பேரப்பிள்ளை பிறக்கலாமா? ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையைப் பனி மூடினால் யார் வெட்டுவது? ஆகவே நீங்கள் இக்கடிதம் கண்டவுடன் கீர்த்திகனுக்கு எழுத்தில் கட்டளை அனுப்ப வேண்டும். பால் பொங்கவில்லை என்ற காரணத்தை முதலாவதாக எழுதவும். முறை தெரிந்த உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு மறுபேச்சில்லை. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நோயற்ற வாழ்வும் அருளும்படி, இப்போது என்னோடு அவ்வளவு நல்லமாதிரி இல்லாத பிள்ளையாரை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
பேரின்பநாதன்

பி.கு.: முத்திரை ஒட்டப் போன நேரத்தில் போன் அடித்தது. அனோஜினி. அம்மாவையல்ல, என்னைக் கேட்டாள். இன்று காலை பக்கத்துக் காணிக்காரரும் மனைவியும் எங்கள் பானையோடு வந்தார்களாம். அன்று அவர் மண்ணைப் புரட்டிக்கொண்டு வரும்போது மூன்று கல்லில் பால் கொதித்துக்கொண்டிருக்கக் கண்டு, பாவம் வீணாகப் போகிறதே என்று இறங்கி ஓடியிருக்கிறார். போய்ச் சேருமுன் பொங்கி வீட்டுப் பக்கமாக வழிந்துவிட்டதாம். மிச்சப் பாலை அடுப்பில் ஊற்றி நெருப்பை அணைத்துவிட்டு, கரிபிடித்த பானையை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மனைவி அத்தனை நாளும் தேய்த்துப் பளிச்சென்றாக்கி, வெறும் பானை திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று நிறையப் பிளம்ஸ் பழம் போட்டுத் தந்திருக்கிறா. பால் வழிந்ததற்கு அவர் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாராம். சொல்லும்போது அனோஜினி அழுதாள். நானும்தான்.

எந்தப் பக்கம் என்று மட்டும் திரும்பக் கேட்டேன். வீட்டுப் பக்கம், கிழக்கு என்றாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் நீங்கள் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கீர்த்திகனுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளை பால் பொங்கின வீட்டிலேயே பிறக்கட்டும். மௌனம் கலைந்த யோகராணி, "இஞ்சருங்கோ, குளிர்ச் சப்பாத்தை எடுங்கோ" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், பனி வெட்ட ஆள் வேண்டும். நீங்களும் வருவதென்றால் நல்ல நேரம் ஒன்றும் பார்க்காதீர்கள். காற்று எழும்புமுன் வந்து சேருங்கள்.