காரின் கீழ்ப்பாதி நலம்

வெள்ளிச்சந்தை,
திங்கட்கிழமை, முற்பகல்.

மஸ்கட் வெயிலில் நின்று எங்கள் மகளையும் காப்பாற்றி வரும் அன்பு மருமகன் எபிசன் அவர்களுக்கு, மாமனார் ஞானதாசன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மாமியும் இங்கே சுகம். நீங்களும் ஜாஸ்மியும் அங்கே சுகமாயிருக்க காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். மழை பரவாயில்லை. தென்னையில் காய்ப்பு சுமார். நீங்கள் நம்பி என் பொறுப்பில் விட்டுப்போன மாருதி கார் மிகவும் நலம். குறிப்பாக அதன் கீழ்ப்பாதி.

ஆறு பக்கம் எழுதப் போகிறேன். ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வரிசை மாறாமல் வாசிக்கவும். மூன்றாம் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டு எனக்குப் போன் போட வேண்டாம். இதையெல்லாம் வாயால் சொல்லி அனுப்பலாமே என்று ஜாஸ்மி சொல்வாள். முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் லைன்மேனாக இருந்து, ஊரிலுள்ளவர்களின் பேச்சு பாதியில் அறுந்ததற்கெல்லாம் ஏச்சு வாங்கினவன் நான். முக்கியமான காரியத்துக்குப் பேப்பரைத்தான் நம்புவேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருக்கிறது. மாமிக்கு முட்டுவலி, அதனால்தான் எங்கேயும் வருவதில்லை என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தோம். முட்டுவலி உண்டு, ஆனால் காரணம் அது இல்லை. பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டப் போனோம். நான் கீழே சீட்டு வாங்க வரிசையில் நின்றேன், உங்கள் மாமி ராகேல் தனியாக லிஃப்டில் ஏறினாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுபோயிற்று. நாற்பது நிமிஷம். வெளியே எடுத்தபோது அவள் அழவில்லை. என் சட்டைக்கையைப் பிடித்தவள் வீடு வந்து சேரும்வரை விடவில்லை. அன்றோடு, மேலே மூடியிருக்கிற எந்த வண்டியிலும் அவளால் உட்கார முடியாமல் போயிற்று. பஸ்ஸில் ஏறுவாள், கண்டக்டர் விசில் ஊதுமுன் இறங்கிவிடுவாள். ஆட்டோவில் ஒரு தடவை பாதி வழி போய், இறங்கி, நடந்தே திரும்பினோம். உங்க காரில் ஏறி கதவைச் சாத்தினா முகம் வெளுத்துப்போவும், கை ரெண்டும் குளிந்துபோவும். குளிக்கப் போனாக்கூட கதவைச் சாத்தமாட்டா, நான் வெளியில நாற்காலி போட்டுக் காவல் இருக்கணும். வெளியே தெரிஞ்சா ஆளுகள் சிரிப்பாவன்னு அவளுக்கு வெக்கம், கேட்டியளா. அதான் முட்டுவலி.

இதுக்கிடையில சிதறால்ல இருக்க அவளுக்க அக்கா செல்லபாய் விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, எட்டு மாசமாப் படுக்கை. அம்மா இல்லாத ராகேலைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, எனக்குக் கெட்டிக் குடுத்தது அந்த அக்காதான். தெனமும் காலையில போன் வரும். "ஏட்டி ராகேலு, இண்ணைக்கு வாறியா?" இவ சொல்லுவா, "நாளைக்கு வாறேன் அக்கா." எட்டு மாசமா இதே நாளைக்குதான். போனை வச்சிட்டு அடுக்களையில போய் சொவரைப் பாத்து நிப்பா. என்னன்னு கேட்டா, வெங்காயம் உரிச்சேன்ம்பா. அந்நேரம் அடுப்புல கஞ்சி மட்டும்தான் கெடக்கும்.

நான் என்ன செய்ய? ஒரு மத்தியானம் சாப்பிட்டுட்டு முற்றத்துல உங்க காரைப் பாத்துட்டே நின்னேன். காத்து லேசா அடிக்குது. காருக்க மேல தென்னையோலை நெழல் ஆடுது, தண்ணிக்குள்ள கெடக்கது மாதிரி இருக்கு. பாக்கப் பாக்க எனக்கு அந்த மேல்மூடி மட்டும் மெல்ல எழும்பி, ஆடி ஆடி, புளியமரத்தையும் தாண்டி, சர்ச் கோபுரத்துக்குப் பக்கத்துல போறதாட்டு தோணிச்சு. உறங்கவே இல்ல, கண்ணைத் தொறந்துட்டுதான் நின்னேன். கம்பத்து மேல ஏறி வேல செய்தவனுக்குத் தெரியும், தலைக்கு மேல ஒண்ணும் இல்லாம இருக்கதுல ஒரு சொகம் உண்டு. அந்தச் சொகத்தை எனக்க பெஞ்சாதிக்கு ஒரு நாளாவது குடுக்கணும்னு மனசுக்குள்ள கெடந்து அடிச்சிட்டு.

வடசேரியில ஒர்க்‌ஷாப் வச்சிருக்க அனில்குமாரைப் போய்க் கேட்டேன். அவன் ஸ்பானரைக் கீழ வச்சிட்டு என்னையே பாத்தான். "அண்ணாச்சி, இந்த வண்டிக்கு மேல்பாகம்தான் பெலம். அதை வெட்டினா நடுவுல தொங்கிப்போவும், கதவு தொறக்காது. ஆர்.டி.ஓ. ஆப்பீசுல தெரிஞ்சா வண்டியையே பிடிச்சுப் போடுவாவ. வெயிலுக்கு வெறுந்தலையோட நடக்காதீங்க"ன்னான். சவம், இவன் கெடக்கான்னு நேரா முட்டத்துக்குப் போனேன். அங்க ஃபைபர் வள்ளம் செய்யுற மரியஜான் எனக்குப் பழைய கூட்டாளி. விசயத்தைச் சொன்னதும் அவன் கேட்டது ஒண்ணுதான். "வள்ளத்துக்கு மூடி இருக்கா? கடல்லயே ஓடுதுல்லா? பின்ன ரோட்டுல ஓடுறதுக்கு என்ன கேடு?" எனக்கு அதுல ஒரு குத்தமும் கண்டுபிடிக்க முடியல்ல.

மருமவனே, பதறாதீங்க. பத்து நாளைக்கு முன்ன அவன் கிரைண்டரோட வந்தான். முன் கண்ணாடியை விட்டுட்டு, கூரையைத் தாங்குற கம்பி ஆறையும் அறுத்து, மேல்மூடியைப் பானை மூடியைத் தூக்குற மாதிரி தூக்கிக் கீழ வச்சான். நீங்க ஆசையா ஸ்டிக்கர் ஒட்டின பின் கண்ணாடியை எனக்க வேட்டியில பொதிஞ்சு கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். கூரையும் வீணாப்போவல்ல, பின்முற்றத்துல மல்லாத்திப் போட்டு புளி காயப்போட்டிருக்கோம். அனில்குமார் சொன்னது போலவே வண்டி நடுவுல தொங்கிச்சு, நாலு கதவுல ஒண்ணுகூட தொறக்கல்ல. மரியஜான் அசரவேயில்ல. அடியில நீளத்துக்கு ரெண்டு இரும்புக் கொழாய் வச்சு வெல்டிங்ல பத்தவச்சான். வள்ளத்துல போடுற மாதிரி குறுக்கே பலகை அடிச்சான். கதவு இடுக்கையெல்லாம் ஃபைபர் தேச்சு மொத்தமா அடைச்சிட்டான். "இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது"ன்னு பெருமையாச் சொன்னான். மேல மூடியில்லாத வண்டிக்குக் கதவு வழியா தண்ணி வராததுல என்ன மெச்சம்னு எனக்கு அப்பம் கேக்கத் தோணல்ல. மிச்சமிருந்த வள்ளத்துப் பெயின்டை அடிச்சதுல வண்டி இப்பம் நீலம், நடுவுல ஒரு பச்சைக் கோடு. பாக்கக் கொள்ளாம், அழகாத்தான் இருக்கு.

முந்தாநேத்து சனிக்கிழமை காலையில முக்காலி போட்டு உங்க மாமியை ஏத்தினேன். சாத்தக் கதவு இல்ல, மூடக் கூரை இல்ல. அவ ரெண்டு கையாலயும் முன்பலகையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி இருந்தா. இரணியல் ரோட்டுல ஒரு கிலோமீட்டர் போனதும் ஒரு கண்ணைத் தொறந்தா. பெறவு மத்ததை. மேல பாத்தா. மரத்துக்க கெளையெல்லாம் ரெண்டு பக்கமும் வந்து நடுவுல சேந்து, பிரிஞ்சு, ஓடிட்டே இருக்கு. "இவ்வளவு எலையா!"ன்னா. நான் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போவல்ல, அந்த எலையை வேகமா ஓட்டிக் காட்ட எனக்கு மனசு வரல்ல.

திங்கள்சந்தையில ஆளு கூடிட்டு. தொறந்த வண்டியில வயசான ஆளு ரெண்டுபேரு மெதுவாப் போறதைப் பாத்து எலெக்‌ஷன் வண்டின்னு நெனச்சிட்டாவ. ஒருத்தர் கும்பிட்டாரு, நானும் கும்பிட்டேன். இன்னொரு பொம்பள ஓடிவந்து, தெருக்கொழாயில ஒரு வாரமா தண்ணி வரல்லன்னு சொல்லிச்சு. பாக்கலாம்னுட்டேன். திரும்பிப் பாத்தா உங்க மாமி ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கையாட்டிட்டு இருக்கா!

அழகியமண்டபத்துல ஒரு இன்ஸ்பெக்டர் கைகாட்டி நிறுத்தினாரு. வண்டியை ரெண்டு சுத்து சுத்தி வந்தாரு.

"என்ன வண்டி இது?"

"மாருதி, சார்."

"மீதி எங்க?"

"வீட்டுல இருக்கு சார். புளி காயுது."

அவரு சிரிக்கல்ல. அப்பம் ராகேல் பேசினா பாருங்க! பதினாலு மாசமா பெத்த மவளுட்ட மறைச்ச லிஃப்டு கதையை முன்னபின்ன தெரியாத காக்கிச்சட்டைக்கிட்ட நடுரோட்டுல வச்சு முழுசாச் சொன்னா. அவரு தொப்பியைக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு கேட்டாரு. பெறவு எனக்க பேரை எழுதி எடுத்துட்டு, "பதினஞ்சு நாளையில மூடியை மாட்டிக் கொண்டுவந்து காட்டணும். இப்பம் மழைக்கு முன்ன போய்ச் சேருங்க"ன்னாரு.

போய்ச் சேரல்ல. சாமியார்மடம் தாண்டினதும் ஒரு மழை கொட்டிச்சு. மரியஜானுக்க வேலை எவ்வளவு நேர்த்தின்னு அப்பதான் தெரிஞ்சுது. ஒரு சொட்டுத் தண்ணியும் வெளிய போவல்ல! கரண்டைக்கால் அளவுக்கு நெறஞ்சு, பிரேக் பிடிச்சா முன்ன வருது, ஆக்சிலேட்டரை மிதிச்சா பின்ன போவுது. உங்க மாமி அக்காவுக்குக் கொண்டுபோன அச்சுமுறுக்கு டின்னுக்க மூடியைக் கழத்தி, தண்ணியைக் கோரிக் கோரி ரோட்டுல வீசிட்டே சிரிக்கா. கெட்டின புதுசுல கேட்ட சிரிப்பு அது. நனஞ்ச சேலையோட, நரைச்ச முடி நெத்தியில ஒட்டிக்கெடக்க சிரிக்கா. நான் ரோட்டைப் பாக்கவா, அவளைப் பாக்கவா?

மார்த்தாண்டம் பாலத்து மேல ஏறினப்பம் மழை நின்னுட்டு. தென்னங்கொண்டை எல்லாம் ரெண்டு பக்கமும் நம்ம தோளுக்குச் சமமா நிக்குது. கால்மாட்டுல கெடந்த தண்ணியில வானம் கெடக்குது, மேலயும் வானம். ரெண்டுக்கும் நடுவுல நாங்க ரெண்டுபேரும் மெல்லப் போனோம். பாலம் இன்னும் பத்து மைல் நீளமா இருந்தா கொள்ளாம்னு இருந்துது.

சிதறால்ல அக்காவுக்க மவன் லிஜின் வீட்டு முன்ன நிறுத்தினேன். அக்கா கெடக்கது பின்பக்கம் ஒரு சின்ன முறி, அறைன்னுகூட சொல்ல முடியாது, சன்னல் ஒண்ணுதான், கொசுவுக்கு அதையும் சாத்தி வச்சிருக்காவ. ராகேல் வாசல்படி வரைக்கும் போய் நிலையைப் பிடிச்சுட்டு நின்னுட்டா. கால் உள்ள போவல்ல. "அக்கா, வந்துட்டேன். உள்ள மட்டும் வர முடியல்ல அக்கா"ன்னு கரைஞ்சு அழுதா. உள்ளேருந்து சத்தம் வருது, "நீ வராண்டாம் மக்களே, நான் வாறேன். எலே லிஜினு, தூக்குலே என்னை!"

லிஜினும் பெஞ்சாதி பிரிஜாவும் நாற்காலியோட தூக்கி, பின்சீட்டுல தலகாணி வச்சு இருத்தினாவ. அக்கா மொதல்ல தங்கச்சிக்க முகத்தைத் தடவினா. பெறவு அண்ணாந்து பாத்தா. "எட்டு மாசமா ஓட்டை எண்ணிட்டுக் கெடந்தேன் ஏட்டி. நூத்தி நாப்பத்தாறு ஓடு"ன்னா. அப்பறம் எனக்க தோளுல தட்டி, "வண்டியை எடும்"ன்னா. மலையடிவாரம் வரை மெல்லக் கொண்டுபோய் நிறுத்தினேன். ரெண்டுபேரும் நமத்துப்போன அச்சுமுறுக்கைத் தின்னுட்டு, மேகம் போறதைப் பாத்துட்டு, பொழுது சாயுறது வரைக்கும் கையைக் கோத்துட்டு இருந்தாவ.

எனவே மருமகனே, நான் செய்தது குற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி அது. இன்ஸ்பெக்டர் சொன்ன நாளுக்குள் கூரையைத் திரும்பப் பொருத்தி, புளி வாசம் போகக் கழுவி, உங்கள் கையில் ஒப்படைப்பேன். கோபத்தை என்மேல் மட்டும் வைக்கவும், ஜாஸ்மியிடம் காட்ட வேண்டாம். அவளுக்கு என் முத்தம். உங்கள் இரண்டு பேரையும் போக்கிலும் வரத்திலும் தேவன் காப்பாராக.

அன்புள்ள மாமா,
ஞானதாசன்

பின்குறிப்பு: மருமவனே, காரை வெட்டினதுலேருந்து மலையடிவாரம் வரைக்கும் எழுதினது ஒண்ணும் இன்னும் நடக்கல்ல. வண்டி முழுசா முற்றத்துல நிக்குது, கூரையோடயே. லிஃப்டு நெசம். அக்கா கெடக்கது நெசம். அனில்குமார் சொன்னதும் மரியஜான் சொன்னதும் நெசம். மத்ததெல்லாம் எனக்குள்ள ஓடினது. எப்படியும் ஒரு இன்ஸ்பெக்டர் பிடிப்பாருன்னு தெரியும், எழுதுறது எழுதுறோம், நல்லவராட்டு இருக்கட்டும்னு எழுதினேன். வெட்டட்டுமான்னு கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லுவிய. அதனால வெட்டின பெறவு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை முன்னாடியே எழுதி வச்சுப் பாத்தேன். அனுப்பணும்னு நெனைக்கல்ல.

ஆனா சாயா எடுக்க நான் எழும்பின நேரத்துல உங்க மாமி ஆறு பக்கத்தையும் எடுத்து வாசிச்சுட்டா. வழக்கமா எனக்க எழுத்துல பிழைதான் பாப்பா. இண்ணைக்குப் பிழை பாக்கல்ல. பேப்பரை மடியில வச்சா. பெறவு கண்ணாடியைக் கழத்தித் தொடச்சுட்டு, "என்னைக்குப் போறோம்?"னு கேட்டா. பதினாலு மாசத்துல அவ வாயிலேருந்து 'போறோம்'னு ஒரு வார்த்தை வந்தது இப்பதான். அவ கேட்டதும் நான் வரச்சொன்ன மரியஜான் வந்து கிரைண்டரைக் கையில வச்சுட்டு நிக்கான், உங்க அனுமதி இல்லாம வயரைச் சொருகாண்டாம்னு சொல்லியிருக்கேன். அவ சேலை மாத்திட்டு வந்து எனக்குப் பக்கத்துல நிக்கா. நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், எபிசன்?