ரெண்டு டயர் விலையில் ஒரு மலை

லாரித் தொழிலில் முப்பது வருஷம் கிடந்தவனை நம்பி எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், பெண்டாட்டியோடு போகிற உல்லாசப் பயணத்தின் பட்ஜெட்டைத் தவிர. இது என் மனைவி ஈஸ்வரியின் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. சாட்சி, ஆதாரம், குற்றவாளி மூன்றும் நானே.

நாமக்கல்லில் எனக்கு இரண்டு லாரி. அதற்கு முன்னால் நானே ஸ்டியரிங் பிடித்தவன். காஷ்மீருக்கு ஆப்பிள் லோடுக்குப் போய், பனி கொட்டுகிற ரோட்டில் வண்டி ஓட்டியவன். ஊருக்கு வந்து அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஈஸ்வரியிடம் சொன்னேன், மாமனாரிடம் சொன்னேன், சும்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவரையும் நிறுத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் பார்த்த பனியின் உயரம் வருஷத்துக்கு ஓரடி ஏறிக்கொண்டே போனது. கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: "உன்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் ஈஸு."

"மார்கழி மாசம் கோலம் போடறப்ப தலையில உழுவுமே, அதான் எனக்கு வாச்ச பனி" என்பாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள். கோபமாகச் சொன்னால் சண்டை போட்டு முடித்துவிடலாம். சிரித்துக்கொண்டே சொல்கிறவளை என்ன செய்வது?

எங்கள் மகள் காயத்ரிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு அவள்தான் சுவிட்சர்லாந்துக்கு விமான டிக்கெட் போட்டாள், விசா வாங்கினாள், சமையலறை வைத்த ஒரு ரூமும் பிடித்துக் கொடுத்தாள். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராத குட்டி நாடு அது. ஆனால் பாதி நாடு செங்குத்தாக நிற்கிறது.

"மலை ரயில் டிக்கெட்டையும் நானே போட்டுடறேனுங்ப்பா" என்றாள்.

"வேண்டாஞ்சாமி. உள்ளூர்ச் செலவு பூரா என்ற பொறுப்பு. ட்ரிப் ஷீட் போடாத கையா இது?"

(சனி, நாக்கில்தான் முதலில் உட்காரும் என்று எங்கள் பழைய கிளீனர் சொல்வார்.)

ட்ரிப் ஷீட் என்றால் வேறொன்றுமில்லை. வண்டி லோடு ஏற்றிக் கிளம்பும்போது, போய்த் திரும்புகிற வரைக்கும் ஆகிற செலவை ஒரே தாளில் எழுதிவைப்பது. டீசல், டோல், டிரைவர் பேட்டா, ஏற்றுகூலி, இறக்குகூலி, பஞ்சர், கடைசியில் மாமூல். இந்தத் தலைப்புகளில் ஒன்றைக்கூட மாற்றாமல் சுவிட்சர்லாந்துக்கு ட்ரிப் ஷீட் போட்டேன். டீசல் என்ற இடத்தில் எங்கள் சாப்பாடு. ஏற்றுகூலி, இறக்குகூலிக்குச் சைபர், பெட்டி தூக்க நான் இருக்கிறேன். மாமூலுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக ஒதுக்கினேன். வெளிநாட்டுப் போலீஸ், என்ன ரேட்டோ யார் கண்டது!

சாப்பாட்டுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த விலைக்கு அரிசி, பருப்புப்பொடி, புளி எல்லாம் வாங்கிக் கட்டியாயிற்று. எல்லாம் பொருந்தி வந்தது. இடறியது பனி உச்சிக்கு ஏறுகிற அந்த மலை ரயில் ஒன்றுதான்.

எனக்கு ஒரு பழக்கம். பெரிய தொகை எதுவானாலும் லாரி டயர் விலையில் கணக்குப் போட்டால்தான் மண்டையில் ஏறும். அந்த மலை ரயில் ஒரு ஆளுக்கு ஒரு டயர்! ரெண்டு பேருக்கு ரெண்டு டயர்! மலை ஏறி இறங்கினால் டயர் தேயும் என்று எனக்குத் தெரியும். டயரையே கழற்றிக் கொடுத்துவிட்டு மலை ஏறுவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்ததை ஈஸ்வரியிடம் சொல்லவில்லை.

போய் இறங்கினோம். ஜூன் கடைசி. ஐந்து நாள் காசு கேட்காத இடங்களாகப் பார்த்துப் பார்த்து அழைத்துப் போனேன். ஏரிக்கரை, மரப்பாலம், மறுபடி ஏரிக்கரை, கழுத்தில் மணி கட்டிய மாடு. ஒரு கடையில் முட்டை விலையைப் பார்த்துவிட்டு, நாமக்கல்காரன் என்ற முறையில் ஐந்து நிமிஷம் மௌனமாக நின்றேன். எங்கள் ரூம் ஜன்னலில் நின்றால் தூரத்தில் வெள்ளை வெளேரென்று மலை. ஈஸ்வரி தினமும் அரிசி களைந்துகொண்டே அதைப் பார்ப்பாள்.

ஆறாம் நாள் காலையில் கேட்டாள்: "ஏனுங்க, நாளைக்கு ஏரோப்ளேன். இன்னிக்காச்சும் மேல போறமுங்களா?"

"போறோம். கெளம்பு."

என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ரூமிலிருந்து நடக்கிற தூரத்தில் ஹைவேயை ஒட்டி லாரிகள் நிற்கிற இடம் ஒன்றை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். லாரிக்காரனுக்கு லாரிக்காரன் இடம் கொடுக்காமல் இருக்கமாட்டான். உலகத்தில் எந்த ஊரிலும் இது செல்லும். போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். அந்த ஹைவே நேராகப் போய் வெள்ளை மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஓட்டியவன் நான். மலையைத் தாண்டுகிற ரோடு மலைமேல் ஏறித்தானே தாண்டவேண்டும்? உச்சியில் இறங்கிக்கொள்வது, பனியைப் பார்ப்பது, இன்னொரு லாரியில் திரும்புவது. செலவு சைபர்.

மலை வருகிற இடத்தில் மட்டும் அந்தக் கோடு புள்ளி புள்ளியாக இருந்தது. ரோடு வேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்வரி புறப்பட்ட கோலத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் ஸ்வெட்டர், அதற்கு மேல் காயத்ரி வாங்கிக் கொடுத்த கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய், கையுறை. எனக்கு மிஞ்சியது ஒரு குல்லாய் மட்டும். லாரிகள் நிற்கிற இடத்துக்கு வந்ததும், "ஏனுங்க, ரயில் இங்கயா வரும்?" என்றாள்.

"ரயில்ல போனா வேடிக்கை தெரியாது ஈஸு. லாரிதான் ஒசரம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நரைத்த மீசை வைத்த ஒரு பெரிய மனுஷர் டயரைக் காலால் எட்டி உதைத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம ஆள்! போனில் என் லாரிப் படத்தைக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்து, கலர் பெயிண்டையும் கண் திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் குஞ்சத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் நெஞ்சைத் தட்டி "மீர்கோ" என்றார். நான் என் நெஞ்சைத் தட்டி "சின்னுசாமி" என்றேன். மலைப்பக்கம் கையைக் காட்டினேன். அவரும் அதே பக்கம் கையைக் காட்டித் தலையாட்டினார். முடிந்தது பேரம்.

ஈஸ்வரி முன் சீட்டில், நான் பின்னால் அவர் படுக்கிற பலகையில். அவள் கொடுத்த முறுக்கை அவர் நொறுக் நொறுக்கென்று தின்றார். அவருக்கு நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு அவர் பாஷையில் அரை வார்த்தை தெரியாது. ஆனாலும் டீசல் விலையைத் திட்டினோம், டயர் தேய்மானத்துக்கு வருத்தப்பட்டோம், முதலாளிகளை ஏசினோம். (நானும் ஒரு முதலாளி என்பதை அங்கே சொல்லிக்கொள்ளவில்லை.)

மலை கிட்டே வந்தது. ஈஸ்வரி குல்லாயைச் சரிசெய்துகொண்டு கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்தாள். எதிரே பாறை. பாறையில் ஒரு ஓட்டை. லாரி அதற்குள் புகுந்தது.

"சின்னச் சொரங்கந்தான். வெளிய போனதும் ஏத்தம் ஆரம்பிச்சுரும்" என்றேன்.

ஐந்து நிமிஷம் போனது. மஞ்சள் விளக்கு, சுவர், மஞ்சள் விளக்கு.

"ஏனுங்க?"

"இந்தா, வந்துருச்சு."

பத்து நிமிஷம் ஆயிற்று. அப்போதுதான் அந்தப் புள்ளி புள்ளிக் கோடு என் மண்டைக்குள் வந்து ஒவ்வொரு புள்ளியாகக் குத்தியது. ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர்! நாமக்கல்லில் நுழைந்தால் மோகனூரில் வெளியே வருகிற நீளத்துக்குப் பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். மலைமேல் கூட்டிப் போகிறேன் என்று சொன்னவளை மலைக்கு அடியில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் பார்க்க ஆசைப்பட்ட பனி முழுக்க எங்கள் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தது.

வெளியே வந்தால் சுள்ளென்று வெயில். ஹைவேயில் நடுவில் நிறுத்த முடியாது. மீர்கோ இறக்கத்தில் விட்டுக்கொண்டே போய், அரைமணி நேரத்துக்கும் மேல் கழித்து ஒரு ஊரை ஒட்டி நிறுத்தினார். இறங்கினோம். எதிரே பனைக்குத் தம்பி மாதிரி வரிசையாக மரங்கள். ஒரு வீட்டு வாசலில் வாழைமரம்.

மூன்று அடுக்குக் கம்பளியில் வேர்வை ஒழுக நின்றுகொண்டு ஈஸ்வரி அந்த வாழைமரத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம பரமத்திவேலூர் வந்துருச்சுங்க. ஊட்டுக்குப் போனைப் போட்டுச் சோறு வடிக்கச் சொல்லுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குல்லாயைக் கழற்றி மடித்தாள். மடித்த குல்லாயை மறுபடி மடித்தாள். இனி மடிக்க இடமில்லை என்றதும் கண்ணில் தண்ணீர் நின்றது. "பனி பாக்க எனக்குக் கொடுப்பினை இல்லீங்க. உடுங்க" என்றாள்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். நான் மலையைக் கெல்லி எலிகூடப் பிடிக்கவில்லை. நானே எலியாகி வெளியே வந்திருந்தேன். சட்டைப்பையில் இருந்த ட்ரிப் ஷீட்டை எடுத்து நாலாகக் கிழித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் செய்த முதல் புத்திசாலித்தனம்.

மீர்கோ பதறிவிட்டார். எங்களுக்குள் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. ஈஸ்வரியே முன்னால் போய், இடது கையைக் குவித்து மலை மாதிரி வைத்தாள். வலது கை விரலை அதற்கு அடியில் நுழைத்து, என்னைச் சுட்டிக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அதே விரலை மலைக்கு மேலே ஏற்றி இறக்கி, "இப்படி? இப்படி வழி இல்லீங்களா?" என்றாள். மனுஷர் முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் மலையைப் பார்த்தார், அப்புறம் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்து லாரிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவர் சைகையில் எங்களுக்குப் புரிந்த வரைக்கும், சுரங்கம் வெட்டுவதற்கு முந்தின பழைய ரோடு மேலேயே இருக்கிறதாம். கோடையில் பஸ் போகிறதாம். லாரிக் கதவில் படிந்திருந்த புழுதியில் விரலால் ரயில் வரைந்தார், பஸ் வரைந்தார், உச்சியில் நட்சத்திரம் வரைந்தார். ரயில் ஸ்டேஷன் வரைக்கும் எங்களை நடத்திக் கூட்டிவந்து விட்டுப் போனார்.

ரயிலில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுப்பார் என்று காத்திருந்தோம். வந்தார். கொடுத்தார். டிக்கெட் வாங்காமல் ஏறியதற்கு அபராதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். மாமூல் என்று ஒதுக்கிய பணம் ரசீதோடு செலவானது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சுரங்கத்தின் வாய்க்கு வந்து இறங்கி, மஞ்சள் பஸ் பிடித்தோம். ஆஹா, அது ரோடு! வளைவுக்கு மேல் வளைவு, என் கை தன்னால் ஸ்டியரிங்கைத் தேடியது. மேலே ஏற ஏற ஈஸ்வரி ஒவ்வொரு ஸ்வெட்டராகத் திரும்பப் போட்டுக்கொண்டாள். உச்சியில் பஸ் நின்றது. பாறை நிழலில், ரெண்டு கட்டில் அகலத்துக்கு, ஓரமெல்லாம் அழுக்காகி, உருகிக்கொண்டு கிடந்தது பனி.

ஓடினாள். முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் ஓடினாள்! கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ரெண்டு கையையும் உள்ளே புதைத்தாள்.

"ஐயோ, சுடுதுங்க!"

அள்ளினாள், மோந்து பார்த்தாள், ஒரு துளி நாக்கில் வைத்தாள், மீதியை என் குல்லாயைத் தூக்கி உள்ளே வைத்து அமுக்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கை தட்டினாள். காது வழியாகத் தண்ணீர் வடிய நின்ற என்னைப் பார்த்து ஈஸ்வரி சொன்னாள்:

"நீங்க சொன்ன காஷ்மீர்ப் பனியாட்டம் பத்தடி ஒசரம் இல்லீங்க. ஆனா இது நெஜம்."

அன்றைக்கு ராத்திரி ரூமில் மனசு கேட்காமல் கூட்டிப் பார்த்தேன். ரயில், அபராதம், பஸ், மறுபடி ரயில், உச்சியில் குடித்த ரெண்டு காப்பி எல்லாம் சேர்த்து ரெண்டு டயரும் ஒரு ட்யூபும். அடித்துவிட்ட மலை ரயிலைவிட ஒரு ட்யூப் அதிகம்.

பஸ்ஸில் இருந்தபடியே ஈஸ்வரி காயத்ரிக்குப் போனில் சொல்லிவிட்டாள். நாங்கள் பெங்களூரில் இறங்குவதற்குள் கதை நாமக்கல்லில் இறங்கிவிட்டது. அதுவரைக்கும் எனக்கு 'லாரி சின்னுசாமி' என்று பெயர். (நாமக்கல்லில் அது ஒரு அடையாளமே இல்லை, கல்லெறிந்தால் ஒரு லாரி சின்னுசாமி மேல் விழும்.) இப்போது புக்கிங் ஆபீஸில், டீக்கடையில், பட்டறையில் எங்கே போனாலும் நான் 'சுரங்கம் சின்னுசாமி'. போன தை மாதம் மச்சான் மகன் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகிவிட்டது: 'சுரங்கம் R. சின்னுசாமி – ஈஸ்வரி'. எந்தச் சின்னுசாமி என்று ஜனங்களுக்குக் குழப்பம் வரக்கூடாதாம்.

முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பெண்வீட்டுப் பெரியவர் ஒருத்தர், மேட்டூரில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர், கையில் பத்திரிகையோடு என்னைத் தேடி வந்து மரியாதையாகக் கும்பிட்டார்.

"சொரங்கம்னு போட்டிருக்குங்களே, பெரிய கான்ட்ராக்ட்டுங்களா? இதுவரைக்கும் எத்தனை சொரங்கம் பண்ணியிருக்கறீங்க?"

நான் வாயில் இருந்த லட்டை விழுங்குவதற்குள் ஈஸ்வரி பதில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதையும் இவரு தோண்டலீங்க. உள்ள உழுந்தாருங்க."