சம்பந்திக்குக் காய்ச்சிய பியர்

மரியாயி துணை

ஹேர்னிங், டென்மார்க்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் ஸ்ரான்லி அவர்களுக்கு, பஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு முன்னறைச் சுவரும் ஸோபாவும் நீங்கலாக யாவரும் நலம். டோஸ்ட்ருப்பில் தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். போனில் எடுத்தால் தாங்கள் இடையில் வாய் போடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

என் மகள் ஷாமிலாவும் பெல்ஜியத்துத் தனுஷனும் ஒருவரையொருவர் விரும்பியபோது, இரு வீட்டாருக்கும் நடுவில் நின்று பேசத் தாங்கள் முன்வந்தது மறக்கமுடியாத உபகாரம். ஆனால் பெடியனின் தகப்பன் மரியநாயகத்திடம், பெல்ஜியத்தின் பொன்னிற ஸ்ரோங் பியரை என் மச்சான் வீட்டிலேயே அச்சொட்டாகக் காய்ச்சுவார் என்று சொல்லும்படி தங்களை ஆர் கேட்டது? நான் என் வாழ்நாளிலை காய்ச்சினது தேத்தண்ணியும் கஞ்சியும். பிறகு எனக்குப் போன் எடுத்து, அந்த மனிசனுக்கு அந்தப் பியர் எண்டால் உயிர், ஊத்திக் குடுக்காட்டிச் சம்பந்தம் தளம்பிப்போடும் எண்டு வேறை சொன்னியள். கடையிலை வாங்கி வைப்பமெண்டாலும் வழியில்லை, வீட்டுக் காய்ச்சல் எண்டு சொல்லியாச்சு. பொய்யன் வீட்டிலையோ பெண் எடுக்கிறது எண்டு அவர் நினைச்சால் என்ரை பிள்ளையின்ரை கதி என்ன? அந்தப் பயத்திலைதான் இறங்கினன்.

யூடியூப்பைப் பாத்து, திருநாளுக்கு ஆட்டிறைச்சி காய்ச்சிற பெரிய சருவத்திலை மோல்ட் எண்ட முளைகட்டின பார்லியை அவிச்சன். உங்கடை தங்கச்சி அருமைநாயகி, மாட்டுக்குத் தவிடு அவிக்கிற மணம் வருகுதெண்டு அந்தக் குளிருக்கை ஜன்னல் எல்லாத்தையும் திறந்துவிட்டா. ஆறவைச்சு, ஈஸ்ட் போட்டு, வாளியை மூடி ஹீட்டருக்குப் பக்கத்திலை வைக்க, அது புளுக் புளுக் எண்டு தன்பாட்டிலை கதைச்சுக்கொண்டு கிடந்துது. நிறமும் வந்துது, மணமும் வந்துது. எனக்குப் பெருமையாத்தான் கிடந்துது, மச்சான்.

போத்தலிலை அடைக்கேக்கைதான் பிழைச்சது. ஒவ்வொரு போத்தலுக்கும் துளி சீனி போடவேணும், அது உள்ளுக்கை புளிச்சுத்தான் நுரை வரும். ஷாமிலா தராசு கொண்டுவந்து வைச்சு, நிறுத்துப் போடுங்கோ எண்டு டெனிஷிலை எனக்குப் பாடம் எடுத்தாள். நான் கேக்கேல்லை. சம்பந்தி வீட்டாருக்குக் குடுக்கிற சாமானிலை சீனியை நிறுத்தோ போடுறது? நாளைக்கு எங்கடை ஊர் மன்னார் ஆக்கள் எல்லாரும் எங்களைக் கஞ்சன் எண்டு கதைப்பினம். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி போடுற மாதிரி, வஞ்சகமில்லாமல் கரண்டி நிறையப் போட்டு இறுக்கி மூடி, வீட்டிலை நல்ல சூடான இடம் எண்டு மாதா சொரூபத்துக்குக் கீழை இருக்கிற அலுமாரியிலை அடுக்கிவிட்டன்.

போன சனிக்கிழமை பின்னேரம் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிச்சினம். வந்த கையோடை, சாப்பிட முன்னம் ஒரு செபமாலை சொல்லுவம் எண்டு மரியநாயகம்தான் கேட்டார். மாதா சொரூபத்துக்கு முன்னாலை எல்லாரும் முழந்தாளிலை நிண்டம். செபமாலையின்ரை அஞ்சு தேவ இரகசியத்திலை ரண்டாவது சொல்லேக்கை முதல் போத்தல் வெடிச்சுது. செபத்துக்கு நடுவிலை எழும்பக்கூடாதெல்லோ, நான் சத்தத்தைக் கூட்டிச் சொன்னன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு அருள் நிறைந்த மரியாயி செபத்துக்கும் ஒண்டு. அலுமாரிக் கதவு கழண்டு, நுரை முகடு வரைக்கும் அடிச்சுது. கண்ணாடி ஒருத்தரிலையும் படாதது அந்தத் தாயின்ரை கருணை. மரியநாயகத்தின்ரை வெள்ளைச் சேட்டு தோய்ஞ்சுபோச்சு, அந்த மனிசன் கண் திறக்காமல் மாலையை முடிச்சார். ஈரச் சேட்டோடையே இருந்து சோறு சாப்பிட்டார். "அப்ப நாங்கள் போட்டு வாறம்" எண்டார். கலியாணத் திகதியைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

அருமைநாயகி என்னோடை பேச்சில்லை. பிள்ளை அறைக்கை இருந்து அழ, முகட்டாலை பியர் சொட்ட, நான் துடைக்கிற துணியோடை நடு வீட்டிலை நிண்டன். இந்த வயசிலை எனக்கு இப்பிடி ஒரு வெக்கம் வந்ததில்லை. ஆகவே தாங்கள் உடனே மரியநாயகத்தோடு கதைத்து, பொய் தங்களுடையது, வெடி என்னுடையது, பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை என்று எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும். என் மகளின் வாழ்க்கை இப்போது தங்கள் வாயில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் மாதாவின் ஆசீர் கிடைப்பதாக.

இப்படிக்கு,
இனித் தேத்தண்ணி தவிர வேறொன்றும் காய்ச்சுவதில்லை என்று நேர்ந்துகொண்ட,
பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: இதை உறையிலை போடேக்கை மரியநாயகமே போன் எடுத்தார். என்ரை முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்ததாலைதான் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லையாம். அந்த மனிசன் பியரைத் தொட்டதே இல்லையாம். ஒரு கிளாஸாவது குடிக்காட்டிப் பஸ்தியாம்பிள்ளை கோவிச்சுச் சம்பந்தத்தை முறிச்சுப்போடுவார் எண்டு நீங்கள் அவரையும் வெருட்டி அனுப்பியிருக்கிறியள். "எப்பிடியாவது தப்ப வை தாயே எண்டுதான் நான் செபமாலை கேட்டனான், சம்பந்தி. ரண்டாம் இரகசியத்திலையே மன்றாட்டைக் கேட்டுப்போட்டா" எண்டார். மே மாசம் கலியாணம். அந்தப் பியரிலை உயிர் உங்களுக்குத்தானாம், பெல்ஜியத்திலை அவையின்ரை வீட்டிலை நிண்டு பெட்டி பெட்டியா முடிச்சனீங்களாம். வெடிக்காமல் ஒரு போத்தல் மிஞ்சியிருக்கு, உங்கடை பேரை எழுதித் தோட்டத்திலை வைச்சிருக்கிறன். வந்து நீங்களே திறவுங்கோ. நாங்கள் உள்ளுக்கை நிண்டு உங்களுக்காகச் செபமாலை சொல்லுறம்.