தண்ணீர் குடித்த சித்தர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கள்ளக்குறிச்சியின் ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஒரே சந்துக்குத்தான் ஓடின. கல்வராயன் மலையில் பன்னிரண்டு வருடம் தவமிருந்தவராம் சித்தர். நெஞ்சில் குழலை வைத்து உறிஞ்சினால், யாரோ வைத்த செய்வினை மயிர் உருண்டையாக அவர் வாய்க்கு வந்துவிடுமாம். உருண்டையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அது வரும் வழியைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

தைலம்மாளும் மருமகளோடு வந்திருந்தாள். போன வாரம் அவளுடைய ஒரே கறவை மாடு அறுந்த மின்கம்பியை மிதித்துக் கண்ணெதிரே செத்து விழுந்தது. அந்த நிமிடமே அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மாரடைப்பு என்று பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள். ஆனால் ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்தால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. அதிர்ச்சியில் இதயம் உப்பித் துவண்டிருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சில வாரத்தில் தேறலாம் என்றார் டாக்டர்.

அடைப்பில்லாமல் அப்படியொரு வலியா? தைலம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. சித்தருக்கோ அந்தக் கதை வெல்லமாக இனித்தது.

"அடைப்பு இல்லனு படமே சொல்லுது. அப்போ வலிச்சது இன்னா? பக்கத்து வூட்டுக்காரி வெச்ச செய்வினை. மாத்திரைய தூக்கிப் போடு," என்றார்.

தைலம்மாள் மாத்திரை அட்டையைப் பக்கத்தில் நின்ற அவருடைய சீடனிடம் நீட்டினாள். சித்தர் பூஜை அறைக்குள் போய், வாய் திறவாமல் திரும்பினார். அந்த மௌனத்தைக் கூட்டம் கும்பிட்டது.

காலையிலிருந்து மருமகள் எழில்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பேசிக்கொண்டே உள்ளே போனவர் ஊமையாகத்தான் வெளியே வந்தார். அவள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். சித்தர் தலையாட்டி மறுத்தார்.

"எங்க கையால குடிக்க மாட்டீங்களா சாமி? இங்க சாதி பாக்கறது இல்லனு சொன்னாங்களே," என்றாள்.

கூட்டம் முணுமுணுத்தது. வேறு வழியில்லாமல் சித்தர் சொம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். புரை ஏறியது. இருமிய இருமலில் மயிர் உருண்டை தரையில் வந்து விழுந்தது.

"எங்க அத்த நெஞ்சுல இன்னும் கொழலே வெக்கலையே," என்றாள் எழில்மதி.

கூட்டம் நெருங்கியது. சித்தர் வியர்த்துப்போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தைலம்மாளுக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகம். தூக்கிக்கொண்டு ஓடியவளையா சந்தேகப்பட்டோம்! அட்டையைச் சீடன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கீழே கிடந்த குழலை எடுத்தாள்.

"கொழல் வெச்சி உறியட்டுமா சாமி?"

"வேணாம்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க," என்றார் சித்தர்.

தன் நெஞ்சு வலித்தால் சாமி எங்கே போகச் சொல்கிறாரோ, நம் நெஞ்சுக்கும் அங்கேதான் வைத்தியம். இது புரியப் பன்னிரண்டு வருடத் தவம் தேவையில்லை.