வெயிலப்பன் கண்ணில் இரண்டு துணி

வெயிலப்பன் சாமியின் கண்ணைக் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் அங்கமுத்து மேடைக்கு முன்னால் நின்றுவிட்டான். கிளிப்பச்சையில் மஞ்சள் கரை. போன பொங்கலுக்கு அவனே பெண்டாட்டி மயிலாளுக்கு எடுத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி.

"அடிப்பாவி, மழை கேட்டிருக்கியா!"

மேடை ஓரம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வீரபாண்டியில் அந்த மேடை ஒன்றுதான், சாமி இரண்டு. கிழக்கே பார்த்து வெயிலப்பன், மேற்கே பார்த்து மழையாத்தாள். முதுகோடு முதுகு ஒட்டி நின்றாலும் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெயில் வேண்டுமானால் மழையாத்தாள் கண்ணைக் கட்ட வேண்டும். மழை வேண்டுமானால் வெயிலப்பன் கண்ணை. கட்டு மூன்று நாள் இருக்க வேண்டும். அதற்குள் வேண்டுதலை யாரிடமாவது சொன்னால் பலிக்காது. அடுத்தவர் போட்ட முடிச்சை அவிழ்த்தாலோ குடும்பமே பிரிந்துவிடும்.

பனியன் கம்பெனிகள் பெருகிய பிறகு சாமிகளின் இலாகாவும் கெட்டுப்போயிற்று. சோடாவும் சிகரெட்டும் படைத்துப் படைத்து வெயிலப்பனை முழுநேர ஷிப்டுக்கு இழுத்துவிட்டார்கள். மழையாத்தாள் குளம் சாயத்தண்ணீரில் திங்கட்கிழமை சிவப்பு, செவ்வாய்க்கிழமை ஊதா. ஊர் எல்லையைக் காத்த முனிக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் வந்ததிலிருந்து, கரண்டு போனால் திட்டு முழுக்க அவருக்குத்தான்.

அங்கமுத்து ஒரு சலவைப்பட்டறையில் வேலை பார்த்தான். வெளுத்த பனியன் துணியைக் காயப்போடும் காடு அவன் பொறுப்பு. நான்கு நாளாகத் துணி ஈரம். "சனிக்கிழமைக்குள்ள காயலைன்னா காய வைக்கற மெஷின் வாங்கிப் போடுவேன். காட்டுல யாருக்கும் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார் முதலாளி குமாரவேல். மயிலாளின் அப்பனுக்கோ பெருமாநல்லூரில் கடலைக்காடு. இன்னொரு மழை பெய்யாவிட்டால் காட்டை விற்றுவிடுவதாக அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதெல்லாம் சரி. கட்டின புருஷன் பிழைப்பைவிட அப்பன் வீட்டுக் கடலை பெரிதா? அங்கமுத்துவுக்கு மனசு வலித்தது. தோளில் கிடந்த பனியன் துணியை உருவி, மழையாத்தாள் கண்ணை இறுக்கிக் கட்டினான்.

இரண்டு சாமிக்கும் கண் தெரியாமல் போயிற்று. மறுநாள் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் சாம்பலாகக் கிடந்தது. துணியில் வாடை ஏறியது.

"ஏப்பா, துணி காயுதா, நாறுதா?" என்றார் குமாரவேல்.

"அதுவே இன்னும் முடிவு பண்ணலீங்க."

சாயங்காலம் மயிலாள் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, வெசனப்படாதீங்க. நாளைக்கு வானம் நம்ம பக்கம் இருக்கும் பாருங்க."

"நம்ம பக்கமா, உங்கப்பன் பக்கமா?"

அவள் முகம் வாடிவிட்டது. வாயைத் திறந்தவள், எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

அந்த முகம் காலையிலும் அவனை விடவில்லை. மேடைக்குப் போய், தன் கட்டைக் கொஞ்சம் நகர்த்தி மழையாத்தாளின், பெருமாநல்லூர் இருக்கும் வடக்குப் பக்கத்துக் கண்ணை மட்டும் திறந்துவிட்டான்.

"ஆத்தா, பெருமாநல்லூரை மட்டும் பாருங்க. இந்தப் பக்கம் திரும்பீராதீங்க."

ஆத்தாளுக்கு எல்லைக்கணக்கு தெரியவில்லை. அவன் காட்டுக்கு வந்து சேர்வதற்குள் தூறல் வந்து சேர்ந்தது, வீரபாண்டியில் மட்டும். ஆட்கள் கத்திக்கொண்டு துணியைச் சுருட்டினார்கள். எங்கிருந்தோ மயிலாளும் ஓடிவந்து துணியை வாரித் தோளில் போட்டாள்.

"ஐயோ, இப்படி ஆயிப்போச்சுங்களே!" என்று விம்மி விம்மி அழுதாள்.

கேட்ட மழை வந்தும் அழுகிறாளே! அப்பனுக்கும் புருஷனுக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறாள் என்று நினைத்தான் அங்கமுத்து. அவன் கோபமெல்லாம் அங்கேயே கரைந்தது. இவளையா இரண்டு நாளாக முறைத்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

மத்தியானம் நேராக மேடைக்குப் போனான். மழையாத்தாள் கண்ணிலிருந்த தன் துணியை அவிழ்த்து, வெயிலப்பன் கண்ணில் ரவிக்கைத் துணிக்கு மேலேயே இன்னொரு கட்டாகக் கட்டினான்.

"வேலை போனாப் போகுதுங்க சாமி. அந்தப் புள்ள மனசு குளிரட்டும்."

குளிர்ந்தது. வீரபாண்டி முதல் பெருமாநல்லூர் வரை ஒரே கொட்டு. குமாரவேல் அவன் கண்ணெதிரிலேயே கோயமுத்தூருக்குப் போன் போட்டு மெஷினுக்குச் சொன்னார். அங்கமுத்துவுக்கு வேலை போயிற்று. ஆனாலும் தொப்பலாக நனைந்தபடி, மாமனாரின் கடலையை நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

மேடையருகே பூசாரி கன்னையன் குடையோடு நின்றார். வெயிலப்பன் கண்ணிலிருந்த இரண்டு துணியையும் பார்த்தார். அவனையும் பார்த்தார்.

"மூணு நாள் முடிஞ்சுபோச்சு, இனிச் சொல்லலாம் கண்ணு. உம்பொண்டாட்டி இப்பத்தான் வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போகுது. அவங்க ஊர்ல வேண்டிக்கற சாமிக்குத்தான் கண்ணைக் கட்டுவாங்களாம். எங்கப்பன் காடு போனாலும் போகட்டும், எம்புருசனுக்கு வெயிலைக் குடு சாமின்னு கட்டுச்சாம்!"