அம்மன் வண்டிக்கு ஒரு பின்கதவு

ஆதிநாராயணன் இழுத்தது தாழ்ப்பாளை. வந்தது கதவு.

வந்தது என்றால் சும்மா திறந்து வரவில்லை. கீல், போல்ட், கொக்கி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, பிக்கப் வண்டியின் மொத்தப் பின்கதவும் அவன் இரண்டு கைகளிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. விளிம்பிலிருந்து துரு, வறுத்த ரவை மாதிரிப் பொலபொலவென்று லுங்கியில் கொட்டியது.

பதினேழு வருஷமாகப் பழவேற்காட்டு மீனைப் பொன்னேரிக்குக் கொண்டுபோகும் வண்டி அது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்து அரித்ததில், கதவில் இரும்பு எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்று அதைச் செய்தவனே வந்தாலும் சொல்ல முடியாது. வேறு நாளாக இருந்தால் ஆதிநாராயணன் கதவை முருங்கை மரத்தில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். ஆனால் அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் திருவிழா. இந்த வருஷம் அம்மன் ஊர்வலம் வரப்போவது அவன் வண்டியில்.

பதினேழு வருஷம்! படகை விற்று வண்டி வாங்கிய நாளிலிருந்து ஊரில் அவனுக்கு 'வண்டிக்காரன்' என்ற பேர்தான். கடலுக்குப் போகிறவனுக்கு இருக்கும் மரியாதை வண்டிக்காரனுக்கு ஏது? ஒரே ஒரு தடவை அம்மன் நம் வண்டியில் ஏறிவிட்டால் போதும், அப்புறம் எவன் என்ன பேசுகிறான் பார்க்கலாம் என்று ஒவ்வொரு ஆடி மாசமும் ஊர்க்கூட்டத்தின் கடைசி வரிசையில் குந்தியிருப்பான். மூன்று வருஷமாகத் தனசேகரின் புது வண்டியையே சொன்னார்கள். இந்த வருஷம்தான் தலைவர் சகாதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மனுக்கு ஆதிநாராயணன் வண்டி" என்றார். அன்றைக்கு அவன் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட வணக்கம் வைத்தான்.

"இன்னாய்யா, கதவைக் கொழந்தையாட்டம் தூக்கினு நிக்கிற?" என்றபடி மனைவி காந்தா வெளியே வந்தாள்.

"கத்தாதடி. கையோட வந்துடுச்சு."

"அய்யய்யோ! அம்மன் ஏர்ற வண்டியாச்சே! ஊர்ல பாத்தாங்கன்னா மறுபடியும் தனசேகர் வண்டிக்கே மாத்திடுவாங்களே!"

ஆதிநாராயணன் பயந்ததும் அதற்குத்தான். தெருவை இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணிடுறேன். நீ போய்க் கயிறு எடுத்துனு வா."

வலை இழுத்து வளர்ந்தவனுக்கு உலகத்தில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து கயிறு. நைலான் கயிற்றால் கதவை வண்டியோடு சேர்த்து, சுறாவே மாட்டினாலும் அவிழாத முடிச்சாக ஏழு முடிச்சுப் போட்டான். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. திருப்பாலைவனத்து வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது ஏழு முடிச்சும் ஏழு துண்டு இரும்பைப் பிடித்தபடி வண்டியிலேயே இருந்தன. மிச்சக் கதவு மட்டும் ரோட்டில் கிடந்தது. கூடவே ஒரு பெட்டி மடவை மீனும்.

பின்னால் வந்த பஸ் கிரீச்சென்று நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"அண்ணே, உன் வண்டி குட்டி போட்டுடுச்சு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் நல்லவர்கள். இறங்கி வந்து மீனைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். பாதியைப் பெட்டியில் போட்டார்கள். மீதியை எதில் போட்டார்கள் என்று ஆதிநாராயணன் கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது ஊர்க்காரர்கள் பஸ்ஸில் இருந்துவிடப் போகிறார்களே என்று தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டே கதவைத் தூக்கி வண்டிக்குள் எறிந்தான்.

பொன்னேரியில் மீனை இறக்கிவிட்டு நேராக வெல்டர் முரளியின் பட்டறைக்குப் போனான். முரளி கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"அண்ணே, வெல்டிங் வெக்கணும்னா கொஞ்சமாச்சும் இரும்பு வேணும். இது அப்பளம்."

"ஒரே ஒரு பொட்டு வெச்சுப் பாருடா. சாமி காரியம்."

சாமி காரியம் என்றதும் முரளியால் தட்ட முடியவில்லை. பொட்டு வைத்தான். பொட்டு இருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனான். அது பூரி அளவுக்கு ஆனது. பூரியைச் சரிசெய்யப் போனதில் தோசை ஆனது. தோசைக்கு நடுவிலிருந்து முரளி தலையை நீட்டி, கண்ணாடியைக் கழற்றினான்.

"இதுக்கு மேல பொட்டு வெச்சா பொட்டு மட்டுந்தான் மிஞ்சும்ணே. வேற கதவு பாரு."

"எங்க கெடைக்கும்?"

"இந்த மாடலை நிறுத்தி எத்தினி வருஷம் ஆச்சு! பழைய சாமான் கடைல சொல்லி வெக்கிறேன். ஒரு பத்து நாள் ஆவும்."

பத்து நாளில் அம்மன் ஊர்வலம் முடிந்து, கூழ் ஊற்றி, பந்தலைப் பிரித்து, மைக்செட்காரன்கூட ஊர்போய்ச் சேர்ந்திருப்பான். ஆதிநாராயணன் கதவைப் பழையபடி கயிற்றில் தொங்கவிட்டு, அதன் மேல் படுதாவைப் போர்த்திக்கொண்டு ஊருக்குத் திரும்பினான்.

தெருமுனையில் தலைவர் சகாதேவன் நின்றிருந்தார். கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பார்வை நேரே பின்பக்கம் போனது.

"இன்னா ஆதி, படுதாவெல்லாம் பலமா கீது?"

"அம்மன் ஏர்ற வண்டி தலைவரே. தூசு படக் கூடாதுன்னு..."

"அது சரி. பின்கதவு ரொம்ப ஆட்டமா கீதுன்னு சொன்னாங்களே?"

ஆதிநாராயணன் படுதாவைத் திரும்பிப் பார்த்தான். எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான்!

"யாரு சொன்னது? வயித்தெரிச்சல் புடிச்சவனுங்க! ஆனை வந்து முட்டினாலும் ஆடாது தலைவரே. இரும்புக் கோட்டை!"

"ஆடாதா?" என்றார் சகாதேவன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனதைப் பார்க்க ஆதிநாராயணனுக்கு நேரமில்லை. வண்டியை முதல் கியரில் போட்டுவிட்டிருந்தான். "சரி, நாயித்துக்கெழமை ஜோடனைக்காரர் செங்கல்வராயன் வருவாரு. அவரு வந்து பாத்துக்கட்டும்" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

போச்சு. சும்மா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது ஜோடனைக்காரர் வேறு கதவைப் பார்ப்பாராம். யானை முட்டினாலும் ஆடாத கதவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கே போய் வாங்குவது?

"ஜோயலைக் கூப்புடு" என்றாள் காந்தா.

அந்தக் கரையில் எது உடைந்தாலும் ஜோயல்தான். அவன் தொழில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவது. படகில் கை பழகியவன், அப்புறம் வாளி, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்து நாற்காலி எல்லாவற்றையும் அதே பசையாலும் அதே நாராலும் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டியது எதுவும் இதுவரை பிரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து கதவைச் சுற்றிப் பார்த்தான்.

"உனக்கு இன்னாண்ணே வேணும்?"

"ஆடக் கூடாது. அவ்ளோதான்."

"அவ்ளோதானே? நீ போய் நாஷ்டா துன்னுட்டு வா."

ஆதிநாராயணன் இட்லி தின்றுவிட்டு வருவதற்குள் ஜோயல் கதவைத் தூக்கி வைத்து, முரளி போட்ட தோசை ஓட்டைக்கு மேல் நாரை விரித்து, பசையை ஊற்றி, உள்ளே ஒரு பூச்சு வெளியே ஒரு பூச்சு என்று ஆரம்பித்திருந்தான். சாயங்காலம் வரைக்கும் பூசினான். கீல் பூச்சுக்குள் போனது. தாழ்ப்பாள் போனது. வண்டித் தரையில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் விடவில்லை. கடைசியாகப் படகுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை அடித்தான்.

"ஒரு சொட்டு தண்ணி எறங்குச்சுன்னா ஏன்னு கேளு!"

ஆதிநாராயணன் கதவை ஓங்கி ஒரு உதை விட்டான். கட்டைவிரல் வீங்கியது. வலியில் கண் கலங்கினாலும் மனசு குளிர்ந்துபோனது. காந்தாதான் அக்கம்பக்கம் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஜோயலு, இதத் தொறக்கறது எப்படி?"

ஜோயல் பிரஷ்ஷைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளை வினோதமாகப் பார்த்தான்.

"படகுக்கு ஏதுக்கா கதவு?"

சனிக்கிழமை மீன் ஏற்றியபோதுதான் பேஜார் புரிந்தது. பெட்டிகளைப் பக்கவாட்டுப் பலகைக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆடி மாசத்து வெயிலில் ஐஸ் உருகியது. பதினேழு வருஷமாகக் கதவிடுக்கு வழியாக ரோட்டில் ஒழுகிக்கொண்டு போன தண்ணீர், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வண்டிக்குள் தங்கியது. பாதி தூரத்தில் ஒரு ஆடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தான். பின்னாலிருந்து எழும்பிய அலை கேபினுக்கு மேலே ஏறி, முன்கண்ணாடி வழியாக வழிந்தது. வைப்பரைப் போட்டான். அது இரண்டு இறாலைத் தள்ளிவிட்டது.

பொன்னேரி மார்க்கெட்டில் மீன் வாங்க வந்த கோவிந்தம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. மடவைகள் செத்த பிறகும் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன.

"இன்னா ஆதி, ஏரியையே ஏத்தினு வந்துட்டியா?"

மார்க்கெட்டே கூடிவிட்டது. ஆதிநாராயணன் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்து இறைத்துக் கொட்டினான். கூட்டத்தில் தனசேகரும் இருந்தான்.

"மச்சான், இதுலயா நாளைக்கு அம்மன ஏத்தப் போற?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

'சிரி, நல்லா சிரி. மூணு வருஷமா உன் வண்டியில போனவ நாளைக்கு என் வண்டியில வர்றா, உனக்கு எரியத்தான் செய்யும்' என்று ஆதிநாராயணன் மனசுக்குள் பல்லைக் கடித்தான். ஆனாலும் ஜோயலுக்குப் போன் போட்டான்.

"டேய், தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை போட்டுக் குடுடா."

"ஓட்டையா! இந்தக் கையால படகுல ஓட்டை போடச் சொல்றியே, உனக்கே நல்லாக்கீதாண்ணே?"

"படகு இல்லடா, வண்டிடா!"

"உள்ள இருக்குற தண்ணி வெளிய போவலல்ல? அப்ப வேலை சுத்தம்" என்று போனை வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆதிநாராயணன் யோசித்துப் பார்த்தான். தண்ணீர் நின்றால் நிற்கட்டுமே. அம்மன் என்ன ஐஸ் பெட்டியா, உருகி ஒழுக? மீன் பாடு திங்கட்கிழமைப் பாடு. நாளைக்கு வேண்டியது ஆடாத கதவு. அது இருக்கிறது. தலைவரிடம் சொன்ன வாய்ச்சொல்லும் காப்பாற்றியாயிற்று. ஓரமாக வண்டியை நிறுத்தி, திரும்பி அந்தப் பச்சைக் கதவைப் பார்த்து நிஜமாகவே கும்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, புது வேட்டியோடு கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். பம்பை முழங்கியது. காந்தா பட்டுச்சேலையில், ஊரையே தான்தான் விலைக்கு வாங்கியவள் மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சகாதேவன் கையசைக்க, வண்டியைப் பின்பக்கமாகக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான்.

எட்டுப் பேர் அம்மனைப் பீடத்தோடு தோளில் சுமந்துகொண்டு வந்து பின்னால் நின்றார்கள். பொன்னேரி ஜோடனைக்காரர் செங்கல்வராயன், கழுத்து நிறையச் சாமந்திச் சரமும் வாயில் நூலுமாக வந்து கதவைத் தடவினார். வலப்பக்கம் தேடினார். இடப்பக்கம் தேடினார். குனிந்து அடியில் பார்த்தார். இழுத்தார். காலை வண்டியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

ஆதிநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தான். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே இத்தனை பாடு!

"நல்லா இழுங்க! பத்து ஆளைக் கூப்ட்டு இழுங்க! ஒரு இஞ்சு ஆடாது!"

செங்கல்வராயன் வாயிலிருந்து நூல் விழுந்தது. திரும்பி அம்மனைப் பார்த்தார், பீடத்தின் நீளத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பீடம் வண்டியைவிட ஒரு முழம் நீளம். எட்டுப் பேரும் தோள் மாற்றிக்கொண்டார்கள். சகாதேவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அம்மனை முன்னால் நின்று கும்பிட்ட ஆதிநாராயணன், ஒரு வருஷம்கூடப் பின்னால் போய் வண்டியைப் பார்த்ததில்லை.

செங்கல்வராயன் அப்படியே மணலில் குந்தி, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"போன வருசம் தனசேகர் வண்டிக் கதவக் கழட்டறதுக்குள்ள நல்ல நேரமே போயிடுச்சுப்பா. அதான் இந்த வருசம், இழுத்தா கையோட வர்ற கதவா இருக்கிற வண்டியப் பாத்து ஏற்பாடு பண்ணுங்கன்னு தலைவர் கால்ல விழாத கொறையாக் கேட்டேன்... ஊர்லயே உன் வண்டி ஒண்ணுதான் அப்படின்னாரு!"