மீசைக்கு முளைத்த கொம்பு

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காளைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் எனக்கு முட்டிவலி தவிர மற்றதெல்லாம் சுகம், உன் அக்காளுக்கு என்னைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அவ்விடம் உன் மீசை சுகமா? நன்றாகத் தடவிக்கொள். அது போகிற நேரம் வந்துவிட்டது.

உன் மகள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நீ இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, சம்பந்தி வீட்டார் காதில் விழுகிற மாதிரி, "அத்தான், கைநாட்டுக்கு மை டப்பா இந்தப் பக்கம் இருக்கு, பேனாவைத் தொட்டுக் கெடுத்துடாதீங்க"ன்னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன். அதோட விட்டியா? "அத்தான் கையால எனக்கு ஒரு கடுதாசி வரட்டும், அன்னைக்கே இந்த மீசையை எடுத்துடறேன்"னே. நீ மறந்திருப்பே. எனக்கு மறக்காது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில பிள்ளைங்க போனப்புறம் என்னை மாதிரி ஆளுங்களுக்கு வகுப்பு நடக்குது, போய்ச் சேர்ந்தேன். கரும்பலகை இல்லை மச்சான், சுவர் அகலத்துக்கு ஒரு திரை. டீச்சரம்மாவுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு முதல் நாளே அதை ஈரத்துணியால துடைச்சேன், துடைக்கத் துடைக்கப் பாடம் ஓடுது, "ஐயா, புத்தகத்தையே முடிச்சிட்டீங்க, போதும்"னு அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஆளுக்கொரு டேப்லெட். எழுத்தைத் தொட்டா அதுவே படிச்சுக் காட்டும். நமக்குத்தான் ஒரு தடவை காதில விழுந்தா போதுமே, எழுந்து நின்னு பாடம் முழுசும் கடகடன்னு படிச்சேன். வகுப்பே கை தட்டுச்சு. பக்கத்து இருக்கை சலூன்காரர்தான், "அண்ணே, முதல்ல அதை ஆன் பண்ணுங்க"ன்னார். அன்னையிலேருந்து என் டேப்லெட்டுக்கு மட்டும் சத்தம் கிடையாது. "உங்க காதுக்கு லீவு, இனிமே கண்ணு வேலை செய்யட்டும்"னுட்டாங்க டீச்சரம்மா.

நேத்து ஆளுக்கு ஒரு வரி பேசணும், பேசறதைத் திரை எழுதும். நான் எழுந்து, "என் மச்சான் மீசையை எடுக்கப் போறான்"னேன். எழுதுச்சு. பார்த்தேன், என்னமோ உறுத்துச்சு. "டீச்சர், இது தப்பு. மீசைக்குத் தலையில சுழி வரணும், இங்கே முன்னால கொம்பு நிக்குது. என் மச்சான் மேசையை எடுக்கப் போறதா எழுதியிருக்கு"ன்னேன். டீச்சரம்மா என் பக்கம் திரும்பி, "ஐயா, இதை யாரும் உங்களுக்குப் படிச்சுக் காட்டலையே"ன்னாங்க. அப்பதான் மச்சான், எனக்கே உறைச்சுது. என் பொக்கை வாய்ப் பேச்சு அப்படிக் கேட்டுச்சாம் அதுக்கு. பல்லு போனதும் நல்லதுக்குத்தான்.

இந்தக் கடுதாசியும் நான் பேசப் பேச அதுதான் எழுதுது, அது விடற தப்பை நான் திருத்தறேன். நீ ஆபீஸில சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிச்சதெல்லாம் நீ எழுதினதுன்னா, இதுவும் நான் எழுதினதுதான். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கிட்டு இருக்கார், என்னைக்கு வரலாம்னு சொல்லு.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் ஆசிகள். மழுமழு முகத்தோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
படிக்கத் தெரிந்த உன் அத்தான்

பின்குறிப்பு: உன் அக்காள் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "என் தம்பி கையாலன்னுதானே சொன்னான், வாயாலன்னா சொன்னான்?" என்கிறாள். ஆகவே அச்செடுத்த தாளுக்கு அடியில் ஒரு வரி, பேனாவால், நானே எழுதுகிறேன். கையால் எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மச்சான் மீச இருக்கட்டும் ஒனக்கு அதான் அலகு